மென்பொருளைக் கட்டும் கருவி: ஒரு குழு தேர்ந்தெடுத்த கதை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு என்பதால் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சைக் கேட்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஓர் இடம் புரியவில்லை என்றால் அது என் குறை, கையை உயர்த்துங்கள். "கட்டற்ற மென்பொருளும் பள்ளியும்" என்ற பொதுத் தலைப்பைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒரு மூலையை எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்த மூல நிரலை, கணினியில் ஓடும் மென்பொருளாகக் கட்டி எடுப்பதற்கு ஒரு கருவி வேண்டும். பலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் உழைக்கும் ஒரு குழு அந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

இந்த மூலைக்கு நான் வந்ததற்கு என் தவறு ஒன்றுதான் காரணம்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியில், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் நானுமாக ஒரு சின்ன விளையாட்டை சி++ மொழியில் எழுதினோம். திரையில் தமிழ்ச் சொற்கள் மேலிருந்து விழும். தரையைத் தொடுவதற்குள் அதைத் தட்டச்சு செய்துவிட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. பிறகு கலந்தாய்வில் எனக்கு மாறுதல் வந்தது. என் இடத்துக்கு வந்த ஆசிரியை ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "சார், விளையாட்டில் ஒரு சொல் எழுத்துப்பிழையோடு விழுகிறது. பிள்ளைகள் அப்படியே பழகிவிடுவார்கள். மூல நிரலைத் திறந்து பிழையைத் திருத்திவிட்டேன். ஆனாலும் பழைய பிழையேதான் விழுகிறது" என்றார்.

திருத்தியது போதாது, மறுபடி கட்ட வேண்டும் என்றேன். எப்படி என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த விளையாட்டைக் கட்டும் கட்டளை மூன்று வரி நீளம். அதை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அது தேடும் வரைகலை நூலகம் என் மடிக்கணினியில் நான் உருவாக்கிய ஒரு கோப்புறையில் இருந்தது. என் கணினியில் லினக்ஸ், அவருடைய கணினியில் விண்டோஸ். மூன்று மாலைகள் தொலைபேசியிலேயே முயன்றோம். முடியவில்லை. பிழையான சொல்லோடு பிள்ளைகளை விளையாட விடுவதா என்று அவர் அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரிதான்.

மூல நிரல் முழுவதும் அவர் கையில் இருந்தது. மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. இருந்தும் ஒரு சொல்லை அவரால் மாற்ற முடியவில்லை.

சரி, "கட்டுவது" என்றால் என்ன? மனிதர் படிக்கும்படி எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பியின் வேலை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நடத்துபவர்கள், பைத்தான் வழியாக சி++ நிரலை இயக்கும் பாடத்தில் இந்தக் கட்டளையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரே ஒரு கோப்புதான். உண்மையான மென்பொருளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருக்கும். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எதை முதலில் மாற்ற வேண்டும், ஒன்று திருத்தப்பட்டால் எவற்றையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்ற கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவரின் அறிவியல் மதிப்பெண் மாறினால் நாம் எல்லா விடைத்தாளையும் மறுபடி திருத்துவதில்லை. அவருடைய கூட்டுத்தொகை, சராசரி, வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு என்று அதைச் சார்ந்தவற்றை மட்டும் மாற்றுகிறோம். அதே கணக்குதான்.

இந்தக் கணக்கைப் பார்க்க முதலில் பரவலாகப் பயன்பட்ட கருவி "மேக்". அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் எழுதியது. அது பிறந்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தார். பார்த்தால் அந்தப் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மறுபடி கட்டாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். நம் ஆசிரியைக்கு நேர்ந்ததேதான். முந்தின நாள் ஃபெல்ட்மேனும் இதே மாதிரி நேரத்தை வீணடித்திருந்ததால் உட்கார்ந்து கருவியை எழுதிவிட்டார்.

மேக் கோப்பில் ஒரு வினோதம் உண்டு. கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அதே இடத்தை இடைவெளிப் பொத்தானால் நிரப்பினால் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுதிய சில வாரங்களிலேயே இது தொல்லை என்று ஃபெல்ட்மேனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரமம் தர வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக இன்றுவரை உலகம் டேப் அழுத்திக்கொண்டிருக்கிறது. மேக் எழுதியதற்காக அவருக்கு 2003-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

மேக் ஒரு கணினிக்குள் சரியாக வேலை செய்யும். பல வகைக் கணினிகள் என்று வரும்போதுதான் சிக்கல். கல்யாணச் சமையலுக்கு வரும் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் ஒன்றுதான். ஆனால் முந்தின நாள் மாலையே மண்டபத்துக்கு வந்து அடுப்பு விறகா கேஸா, தண்ணீர் உப்பா, அண்டா எத்தனை, ஆட்டுவதற்குக் கிரைண்டர் உண்டா என்று பார்ப்பார். அதற்கேற்பத்தான் மறுநாள் வேலையைப் பிரிப்பார். மென்பொருளிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. இந்தக் கணினியில் எந்த நிரல்பெயர்ப்பி, தேவையான நூலகம் எங்கே, அதன் பதிப்பு என்ன என்று சோதித்துவிட்டுத்தான் கட்டத் தொடங்க முடியும். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்காக இதைச் செய்ய டேவிட் மெக்கன்சி 1991-இல் "ஆட்டோகான்ஃப்" எழுதினார். பின்னர் ஆட்டோமேக், லிப்டூல் ஆகியவை சேர்ந்தன. மூன்றையும் சேர்த்து "ஆட்டோடூல்ஸ்" என்பார்கள். லினக்ஸில் பழையவர்களுக்கு "கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்" என்ற மூன்று கட்டளைகள் மந்திரம் போல மனப்பாடம். அந்தக் கட்டளைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

கேடிஇ என்பது லினக்ஸ் கணினிக்கான மேசைத்தளமும் அதோடு சேர்ந்த நூற்றுக்கணக்கான பயன்பாடுகளும். ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபரில் தொடங்கியது. தனிம வரிசை அட்டவணையைக் காட்டும் கால்சியம், வரைபடத்தில் நாடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேஜியோகிராஃபி, வானத்தைக் காட்டும் கேஸ்டார்ஸ், ஆமையை நகர்த்தி நிரலாக்கம் கற்கும் கேடர்டில் எல்லாம் இந்தக் குழுவின் படைப்புகள். அறிவியலும் சமூக அறிவியலும் நடத்துபவர்கள் இவற்றில் ஒன்றிரண்டை வகுப்பில் காட்டியிருக்கலாம்.

2005-இல் இந்தக் குழு தன் நான்காம் பெரும் பதிப்புக்குத் தயாரானது. அவர்கள் அடித்தளமாகக் கொண்டிருந்த க்யூட்டி என்ற நூலகத்தின் நான்காம் பதிப்பு அந்த ஆண்டு ஜூனில் வெளிவந்தது. முதல் முறையாக விண்டோசிலும் அது கட்டற்ற உரிமத்தில் கிடைத்தது. அதாவது கேஸ்டார்ஸை இனி விண்டோஸ் கணினியிலும் மேக் கணினியிலும் ஓடவைக்க வாய்ப்பு வந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய கட்டுமானக் கருவி ஆட்டோடூல்ஸ். அது யூனிக்ஸ் குடும்பத்தின் கட்டளை மொழியை நம்பியே பிறந்தது. விண்டோசின் சொந்த நிரல்பெயர்ப்பியோடு அது ஒட்டாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உள்ளுக்குள் இருந்தது. ஆட்டோடூல்ஸில் ஒரு சின்ன மாற்றம் செய்யவே எம்4 என்ற மொழி, யூனிக்ஸ் கட்டளை மொழி, மேக் மொழி என்று பலவும் தெரிந்திருக்க வேண்டும். போதாததற்கு கேடிஇ அதன்மேல் தன் சொந்த ஒட்டுவேலைகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்திருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் நிரல் எழுதிய அந்தக் குழுவில், கட்டுமானப் பகுதியை முழுவதும் புரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்கள் பக்கத்துக் கோப்புறையிலிருந்து நகலெடுத்து, பெயரை மாற்றி, ஓடினால் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நம் அலுவலகங்களில் ஊதியப் பட்டியல் தயாரிக்கும் ஒருவர் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

2005 கோடை முடியும் நேரத்தில் ஸ்பெயின் நாட்டு மலாகா நகரில் கேடிஇயின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அங்கே பேசி, ஆட்டோடூல்ஸை விட்டு "ஸ்கான்ஸ்" என்ற கருவிக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள். காரணம் நல்ல காரணம்தான். ஸ்கான்ஸ் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அதன் கட்டுமானக் கோப்புகளும் பைத்தான் நிரல்களே. பைத்தான் அழகான மொழி. பலருக்குத் தெரிந்த மொழி. அதில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

ஆனால் வேலை நகரவில்லை. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதன் மறுபக்கம், எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது. கணினியில் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் பகுதி, அதாவது நம் மாஸ்டர் முந்தின நாள் மாலை செய்யும் வேலை, ஸ்கான்ஸில் கேடிஇயின் அளவுக்குப் போதுமானதாக இல்லை. அதற்காக தாமஸ் நாகி என்பவர் ஸ்கான்ஸின்மேல் "பிகேசிஸ்" என்ற தனி அடுக்கையே எழுத வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய திட்டத்தைக் கட்ட அது வேகமாகவும் இல்லை. கேடிஇக்குத் தேவையானவை ஸ்கான்ஸின் மூலத்திலேயே போய்ச் சேரும் அளவுக்கு இரண்டு குழுக்களும் நெருங்கி வேலை செய்யவும் இல்லை. ஒரு கட்டத்தில் நாகி அதிலிருந்து பிரிந்து "வாஃப்" என்ற புதிய கருவியாகவே தன் வேலையைத் தொடர்ந்தார். அதாவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களை நம்பியிருக்கும் நிலையிலிருந்து தப்பிக்கக் கிளம்பியவர்கள், ஒரே ஒருவரை நம்பியிருக்கும் நிலைக்கு வந்து நின்றார்கள்.

2006 தொடக்கத்தில் அலெக்சாண்டர் நாய்ண்டார்ஃப் என்ற கேடிஇ நிரலாளர் வேறொரு கருவியை முயன்று பார்த்தார். அதன் பெயர் "சிமேக்".

சிமேக் பிறந்த இடம் மருத்துவத் துறை. மனித உடலை அடுக்கடுக்காகப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் திட்டம் ஒன்றை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தியது. அந்தப் படங்களை ஆராய ஒரு நூலகம் எழுதும்படி 1999-இல் பல குழுக்களுக்கு நிதி கொடுத்தது. ஆய்வாளர்கள் சிலர் யூனிக்ஸில், சிலர் விண்டோசில். யாரும் தங்கள் கணினியை மாற்றத் தயாராக இல்லை. அதனால் குழுவில் இருந்த கிட்வேர் நிறுவனம், முக்கியமாக பில் ஹாஃப்மன் என்பவர், எல்லா இடத்திலும் கட்டக்கூடிய கருவியாகச் சிமேக்கை எழுதினார்.

சிமேக்கின் தந்திரம் எளிமையானது: அது தானே எதையும் கட்டாது. அந்தந்த ஊர்க் கருவிக்கு வேலைப் பட்டியல் எழுதிக் கொடுக்கும். லினக்ஸ் என்றால் மேக் கோப்பு எழுதும். விண்டோஸ் என்றால் விஷுவல் ஸ்டுடியோ திட்டக் கோப்பு எழுதும். ஆப்பிள் கணினி என்றால் எக்ஸ்கோட் கோப்பு. விண்டோஸ்காரர் தமக்குப் பழகிய திரையிலேயே வேலை செய்யலாம், லினக்ஸ்காரர் தம் வழியில். மாஸ்டர் கொடுக்கும் சீட்டு அந்த மண்டபத்து ஆட்களுக்குப் புரியும் மொழியில் இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, சிமேக்கை நிறுவ ஒரு சி++ நிரல்பெயர்ப்பி இருந்தால் போதும். பைத்தான், பெர்ல் என்று முன்கூட்டியே வேறெதையும் நிறுவ வேண்டாம். விண்டோசில் அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அழகைப் பற்றிக் கேட்டால், சிமேக்கின் மொழி அழகில்லாதது. அந்தக் காலத்தில் ஒரு நிபந்தனையைத் தொடங்கும்போது எழுதினால், முடிக்கும் இடத்திலும் அதே நிபந்தனையை மறுபடி எழுத வேண்டும். பைத்தானோடு வைத்துப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும். மொழி அழகைப் பார்த்து ஓட்டுப் போட்டிருந்தால் சிமேக் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும்.

பிறகு எப்படி வென்றது? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். முதலாவது, பில் ஹாஃப்மன் கேடிஇ குழுவின் கட்டுமான விவாதத்துக்குள் தாமே வந்து சேர்ந்தார். இது முடியவில்லை என்று இவர்கள் சொன்னால், அதைக் கருவியிலேயே சேர்த்துக் கொடுத்தார். கேடிஇ தனக்கென்று ஒட்டுவேலை செய்து அதை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய தேவை குறைந்தது. இரண்டாவது, பழைய ஆட்டோமேக் கோப்புகளைப் படித்துச் சிமேக் கோப்பாக மாற்றித் தரும் ஒரு சின்ன நிரலை நாய்ண்டார்ஃப் எழுதினார். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கையால் மாற்றட்டும் என்று விட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த வேலை சில வாரங்களில் உருப்படியான நிலைக்கு வந்தது. அந்த ஆண்டின் முதல் சில மாதங்களுக்குள்ளேயே கேடிஇ சிமேக்குக்கு மாறிவிட்டது. கேடிஇ 4.0 பதிப்பு 2008 ஜனவரி 11 அன்று வெளிவந்தது.

தாங்களே கூட்டத்தில் அறிவித்த முடிவைச் சில மாதங்களில் மாற்றுவது எந்தக் குழுவுக்கும் எளிதல்ல. நம் பள்ளிகளில் ஒரு படிவத்தை அறிமுகப்படுத்திவிட்டால், அது வேலை செய்யவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் நாம் நிரப்பிக்கொண்டே இருப்போம். இதை இங்கே சொல்லலாமா தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து அதே முடிவை க்யூட்டி நிறுவனமும் எடுத்தது. அவர்களிடம் சொந்தமாகவே இரண்டு கட்டுமானக் கருவிகள் இருந்தன. அதில் "க்யூபிஎஸ்" என்பது புதியது, நல்ல வடிவமைப்பு என்று பெயர் வாங்கியது. இருந்தும் 2018-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டு, 2020 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பைச் சிமேக்கால் கட்டினார்கள். தாங்கள் பெற்ற பிள்ளையை விட்டு ஊர்ப் பிள்ளையை எடுத்த கதை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதுவரை பொறுமையாக இருந்தீர்கள். உங்களுக்கான செய்தி இங்கே இருக்கிறது. ஜிகாம்பிரி என்ற மென்பொருள் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எண், எழுத்து, சுட்டியைப் பிடித்துப் பழகுவது என்று விளையாட்டுகள் கொண்டது. பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ குடுவான் 2000-இல் தொடங்கினார். அது அப்போது ஆட்டோடூல்ஸால் கட்டப்பட்டது. கைக்கணினிகள் பரவியபோது பழைய நிரலால் அங்கே போக முடியவில்லை. 2014-இல் தொடங்கி க்யூட்டியில் முழுவதையும் புதிதாக எழுதினார்கள். கேடிஇ குடும்பத்தில் சேர்ந்தார்கள். கட்டும் கருவி சிமேக் ஆனது. இன்று ஒரே மூல நிரலிலிருந்து லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் அது வருகிறது. உங்கள் வகுப்புக் குழந்தை அம்மாவின் கைபேசியில் விளையாடுவதும் பள்ளிக் கணினியில் விளையாடுவதும் ஒரே மென்பொருளாக இருப்பதற்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

எல்லோரும் சிமேக்குக்குத்தான் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான குனோம் வேறு வழியில் போனது. ஃபின்லாந்தைச் சேர்ந்த யுஸ்ஸி பாக்கனென் 2013-இல் வெளியிட்ட "மெசான்" என்ற கருவியை அவர்கள் எடுத்தார்கள். மெசானின் மொழி பார்க்கப் பைத்தான் போல இருக்கும். ஆனால் அதில் நீங்கள் சொந்தமாகச் செயற்கூறு எழுத முடியாது. வேண்டுமென்றே தடுத்திருக்கிறார். கட்டுமானக் கோப்பு யாராலும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதற்குள் ஒருவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட இடம் கொடுத்தால் அடுத்தவருக்குப் புரியாது என்பது அவர் கட்சி. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். வகுப்பில் படித்துக் காட்டவும் மெசான்தான் எளிது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், லினக்ஸுக்கு ஆட்டோகான்ஃப், விண்டோசுக்குப் பெர்ல் மொழியில் எழுதிய தனி நிரல்கள் என்று இரட்டைக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. 2023-இல் வந்த பதினாறாம் பதிப்பில் மெசானைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பெர்ல் நிரல்களை எடுத்துவிட்டார்கள். ஆட்டோகான்ஃப் இன்னும் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அந்த மெசான் மாற்றத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அவர் பெயரை நீங்கள் வேறொரு செய்தியில் கேட்டிருக்கலாம். 2024 மார்ச் இறுதியில் அவர் தம் கணினியில் வேகச் சோதனைகள் செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழையும் வேலை வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். நாம் என்றால் "சிஸ்டம் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் துருவிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புறவாசல் வைத்திருப்பது தெரியவந்தது.

அந்தப் புறவாசல் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் அதன் முக்கியச் சாவி இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிய தொகுப்பில் மட்டும், ஆட்டோடூல்ஸின் எம்4 கோப்பு ஒன்றுக்குள், சில வரிகளாக இருந்தது. மென்பொருளைக் கட்டும் நேரத்தில் அந்த வரிகள் விழித்துக்கொண்டு, சோதனைக் கோப்பு போல வைக்கப்பட்டிருந்த ஒன்றிலிருந்து தீய நிரலை எடுத்து உள்ளே சேர்த்துவிடும். நிரலைப் படிப்பவர்கள் உண்டு. எம்4 வரிகளைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் சிமேக் பாதுகாப்பு என்று சொல்லி முடித்துவிடலாம் என்று ஆசைதான். முடியாது. அதே எக்ஸ்இசட்டில் சிமேக் கோப்பும் இருந்தது. அதிலும் கை வைத்திருந்தார்கள். லினக்ஸில் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்க, ஒரு குட்டி சி நிரலைக் கட்டிப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. கட்ட முடிந்தால் வசதி இருக்கிறது, முடியாவிட்டால் இல்லை என்று பொருள். அந்தக் குட்டி நிரலுக்குள் ஒரு புள்ளி. ஒரே ஒரு முற்றுப்புள்ளியைத் தனி வரியில் வைத்திருந்தார்கள். புள்ளி இருப்பதால் நிரல் எந்தக் கணினியிலும் கட்டப்படாது. எனவே எந்தக் கணினியிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே முடிவாகும். பிழைச் செய்திகூட வராது. நாற்பது பேர் விடைத்தாளைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கே அந்தப் புள்ளி தப்பியிருக்கும். ஆனால் அது படிக்கக்கூடிய கோப்பில் இருந்ததால், சந்தேகம் வந்து தேடியபோது அகப்பட்டது.

என் விளையாட்டுக்கு வருகிறேன். இப்போதைய பள்ளியில் மாணவிகள் இருவர் அதை எடுத்து சிமேக் கோப்பு எழுதினார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: திட்டத்தின் பெயர் இது; இந்த நான்கு கோப்புகளிலிருந்து இந்த விளையாட்டைக் கட்டு; இந்த நூலகம் வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று நீயே தேடு; கிடைக்காவிட்டால் என்ன நிறுவ வேண்டும் என்று சொல்லி நில். பதினெட்டு வரி. இதை மெசானிலும் எழுதியிருக்கலாம். அந்த நூலகம் தன் விண்டோஸ் தொகுப்போடு சிமேக்குக்கான கோப்பையும் கொடுத்திருந்ததால் இதை எடுத்தார்கள். பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். எழுதியவர்கள் கட்டிக் காட்டினால் செல்லாது. அதைப் பார்த்தே இராத ஒரு பத்தாம் வகுப்பு மாணவர், எதுவும் நிறுவாத ஒரு கணினியில், ஒரு பக்கக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். நாங்கள் மூவரும் வாய் திறக்கக் கூடாது. முதல் முறை அந்தப் பையன் நாற்பது நிமிடம் போராடித் தோற்றான். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்ததுதான் காரணம். மாணவிகளுக்கு அழுகை வந்துவிட்டது. குறிப்பைத் திருத்தினார்கள். மூன்றாவது முறை, வேறொரு மாணவி பதினைந்து நிமிடத்தில் கட்டிவிட்டாள்.

தொகுப்பைப் பழைய பள்ளிக்கு அனுப்பினேன். அந்த ஆசிரியை அந்தச் சொல்லைத் திருத்திவிட்டார். சென்ற மாதம் அவர் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயர்களையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். என்னிடம் கேட்டுச் செய்யவில்லை.

அந்தத் தொகுப்பு பென்டிரைவில் இங்கே முன்வரிசையில் இருக்கிறது. தேநீருக்குப் பின் ஆய்வகத்தில் இரண்டு இரண்டு பேராக உட்காருவோம். ஒருவர் லினக்ஸ், ஒருவர் விண்டோஸ். குறிப்புத் தாளை மட்டும் பார்த்துக் கட்டுங்கள். எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ அதை அந்தத் தாளிலேயே பேனாவால் எழுதி என்னிடம் கொடுங்கள். மாணவிகள் இருவரும் காத்திருக்கிறார்கள்.